குழாய்க்கு அஞ்சும் கல்லங்குறிச்சியார்

கேள்வி: நாளை எனக்கு முதன்முறையாக எண்டோஸ்கோபி, குழாயை விழுங்கவேண்டுமாமே, பிழைப்பேனா?
(ஒரு வாசகர், கல்லங்குறிச்சி)

பதில்: 1868இல் ஜெர்மானிய வைத்தியர் குஸ்மவுல், வளையாத குழாயைச் செலுத்துவதற்கு வாள் விழுங்கும் வித்தைக்காரரையே தேடிப்பிடிக்க நேர்ந்தது, தங்களுக்கோ வளைந்து நெளியும் மெல்லிய குழாய்தான். கலியுக வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு அருகில் வசிப்பவருக்கு 6 முதல் 8 மணிநேர உபவாசம் பிரமாதமன்று (காப்பி விரதத்தைக் கெடுக்காது என்னும் சம்பிரதாயம் இங்கே செல்லாது). தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சில நிமிஷங்களில் காரியத்தை முடித்துவிடுவார்கள். குமட்டும், ஏப்பம் வரும், ஆயினும் குழாய் செல்வது உணவுப்பாதையிலாதலால் மூச்சு நிற்காது. மரமரப்பு நீங்குமுன் தண்ணீரும் வேண்டாம்; மயக்க ஊசி போட்டிருந்தால் ஒருநாள் மோட்டார் சைக்கிளை மைத்துனரிடம் ஒப்படையுங்கள். தொண்டைக் கரகரப்பு ஓரிரு தினங்களில் அடங்கும். கடும் வயிற்றுவலி, ஜுரம், ரத்தவாந்தி, கறுத்த மலம் இவற்றில் ஏதேனும் கண்டால், அடுத்த இதழில் என் பதிலுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.