இருபது நிமிடத்தில் சோழ நாடு

கேள்வி: கல்லூரி விழாவுக்கு ‘பொன்னியின் செல்வ’னை 20 நிமிட நாடகமாக்குகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்? குதிரைக்கு என்ன செய்வது?

பதில்: குதிரையை அவிழ்த்து விட்டுவிடுங்கள்! குதிரையில் வந்த வந்தியத்தேவனை வீராணம் ஏரிக்கரையில் ஆற அமர வேடிக்கை பார்க்க விட்டார் கல்கி. 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் எழுதியவருக்கு என்ன அவசரம்? மேஜிக் லாண்டர்ன் நாடகக் குழு 1999இல் சென்னையில் ஐந்து பாகங்களையும் மேடையேற்றியது. ஆனால் அவர்களுக்கு முன்னால் கல்லூரி முதல்வரின் வரவேற்புரை இருந்திருக்காது.

நேராகச் சம்புவரையரின் கடம்பூர் மாளிகைக்குப் போங்கள். நள்ளிரவு. கீழே பழுவேட்டரையர் கூட்டம் சதி பேசுகிறது. மேலே ஒளிந்து கேட்கிறான் வந்தியத்தேவன். மூடுபல்லக்கின் திரை விலகி, அவர்கள் அரியணையேற்ற நினைக்கும் மதுராந்தகர் வெளியே வரும் நொடிதான் உங்கள் காட்சி. பல்லக்குக்கு ஒரு பெஞ்சும் பட்டுப்புடவையும் போதும்.

நாவலில் வந்தியத்தேவன் நினைப்பதையெல்லாம் கல்கியே சொல்லிவிடுவார். மேடையில் அதற்காக மைக்கில் ஓர் ஆளை வைத்து விளக்காதீர்கள். அவனுக்கு அங்கே வசனம் கிடையாது, முகம்தான். ஆகவே, அடுக்குமொழியில் பொரிந்து தள்ளுகிறவனைச் சம்புவரையராக்குங்கள். வாயைத் திறக்காமலே வகுப்பைச் சிரிக்க வைக்கும் ஒருவன் கடைசி பெஞ்சில் இருப்பான். அவன்தான் வந்தியத்தேவன்.

இன்னொன்று: பெரிய பழுவேட்டரையரின் மீசையை ஒத்திகையிலேயே ஒட்டிப் பேசிப் பாருங்கள். 64 விழுப்புண் தாங்கிய வீரர் பசை விட்டுப்போனால் தாங்கமாட்டார்.