தீடையில் இறங்கும் பயணிகளின் கவனத்துக்கு

கனடாவிலிருந்து வந்த மச்சாள் மூன்று நாளாகப் போனைத் தட்டித் தட்டிப் படம் காட்டினாள். பஹாமாஸ் பக்கம் ஒரு சின்னத் தீவு. அது கப்பல் கொம்பனியின் சொந்தத் தீவாம். விடியக் கப்பல் போய் நிற்கும். சனம் இறங்கிக் குளிக்கும், சாய்கதிரையில் படுத்து வெயில் காயும், சுட்ட கோழி தின்னும், பின்னேரம் ஏறிவிடும். ஊர் கிடையாது, சந்தை கிடையாது, காய்கிற கருவாடும் கிடையாது. "எங்களுக்கெண்டு தனிய ஒரு கடற்கரை. யோசிச்சுப் பாரன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு, ஆள் குடியில்லாத மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. மச்சாளின் தீவைவிடத் தனிமை. கிரேட் ஸ்டிரப் கே என்ற பஹாமாஸ் தீவை நோர்வீஜியன் கொம்பனி பிடித்தது 1977இல். ஆட்களைக் கொண்டுவந்து மணலில் இறக்கிவிட்டுப் போகும் தொழில் எங்கள் கரையில் அதற்கு நூறு வருடத்துக்கும் முந்தியது. இவ்வளவு அனுபவம் இருந்தும் ஒரு கையேடு எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை இத்துடன் தீர்ந்தது.

முதலில் கப்பல். அது வராது. ஆதாம் பாலம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்ததும், இராமர் அணை என்று எங்கள் ஆட்கள் சொல்வதுமான இந்த மணல்வரிசையில் சில இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். உலகத்தின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான ஐகன் ஒஃப் த சீஸ் மிதக்க ஒன்பது மீற்றருக்கு மேல் ஆழம் வேண்டும். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் பெரிய கப்பலெல்லாம் இலங்கையை முழுதாகச் சுற்றிப் போவது இதனால்தான். வெட்டி ஆழமாக்குவோம் என்று 2005இல் சேதுக் கால்வாய்க்கு விழா எடுத்தார்கள். 2007இல் நீதிமன்றம் நிறுத்தியது. மணல் பழையபடி தன் வேலையைப் பார்க்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒரு சுற்று வந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் கரையில் நின்று படம் எடுத்தது. மன்னாரில் நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தோம்.

மனம் தளர வேண்டாம். பெரிய கப்பல்களும் ஆழம் போதாத இடத்தில் தூரத்தில் நின்றுகொண்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். மச்சாளையும் அப்படித்தான் அனுப்பினார்களாம். ஆகவே உங்களுக்கு நட்டமில்லை. அவள் இரண்டாவதாக ஏறிய படகில் நீங்கள் முதலிலேயே ஏறுகிறீர்கள்.

அந்தப் படகு பைபர் வள்ளம். இருக்கை என்பது குறுக்குப் பலகை. முதுகுக்குச் சாய்மானம் பக்கத்தில் இருப்பவர். நேற்றைய மீனின் செதில் உங்கள் காற்சட்டையில் ஒட்டும். துடைக்கத் துடைக்கப் பரவும், விட்டுவிடுங்கள். தீடைக்கு அண்மித்ததும் படகோட்டி எஞ்சினைத் தூக்கிவிட்டு உங்களைப் பார்ப்பார். அதுதான் இறங்குவதற்கான அறிவிப்பு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் குதிக்க வேண்டும். குதித்தபின் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து நடங்கள். அடியில் திருக்கை படுத்திருக்கும். காலை இழுத்தால் அது விலகும், மிதித்தால் வாலை ஓங்கும். இந்தக் கையேட்டில் பகிடி இல்லாத வரிகளில் இது ஒன்று.

எப்போது போகலாம் என்றால், காற்றைக் கேட்க வேண்டும். மன்னாரில் மாதம் பார்த்து யாரும் கடலுக்குப் போவதில்லை. சோளகம் அடிக்கும்போது தென்கடல் குமுறும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்கு அது மாறும். தொழிலாளிகள் வள்ளத்தையும் வலையையும் எடுத்துக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மாறுவார்கள். உங்களுக்கு அவ்வளவு நுணுக்கம் வராதென்றால், மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாடிகளைப் பாருங்கள். சுற்றினால் தொப்பியைப் பிடியுங்கள். ஊர்ச் சனத்திடம் அவற்றின் அழகைப் புகழ வேண்டாம். மழைவெள்ளம் வடியாததையும் மீன் விலகியதையும் அவற்றோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். இன்னும் காற்றாடி வேண்டாமென்று 2025இல் தெருவில் இருந்து, பாகங்கள் ஏற்றிவந்த வாகனங்களை மறித்தவர்கள் அவர்கள்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை இன்னொரு சிக்கல். இடத்தை முன்கூட்டியே பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆலாக்கள். தீடை மணலில் ஒரு கைக்குழி அளவுக்குச் சீய்த்துவிட்டு அதில் முட்டையிடும். முட்டை மணல் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக இருப்பதால் மிதித்தபின்தான் தெரியும். துவாயை விரித்துப் படுக்க நல்ல மேடு என்று நீங்கள் நினைக்கும் இடம் அவர்களுடைய பிரசவ வார்ட். தலைக்கு மேலே நூறு குருவி ஒன்றாகக் கத்தினால் அது வரவேற்பல்ல. 2015இல் இந்தப் பகுதியைக் கடல்சார் தேசிய பூங்காவாக அறிவித்ததில் இவர்களுக்கும் பங்குண்டு; உங்களுக்கு இல்லை.

நிழல் பற்றிக் கேட்பீர்கள். பனை ஊருமலையோடு முடிகிறது. அதற்கு அப்பால் தீடையில் உங்கள் தலைதான் உயரமான பொருள். பதினொரு மணிக்கு மணல் சுடத் தொடங்கும், பன்னிரண்டுக்கு நிற்க முடியாது. சாய்கதிரை, குடை, துவாய் மாற்றும் அறை என்று மச்சாள் காட்டியதெல்லாம் இங்கேயும் கிடைக்கும், நீங்கள் கொண்டுவந்தால். கழிப்பறை விடயத்தில் பரந்த மனது தேவை. நிலம் ஏற்கெனவே பரந்ததுதான்.

குடிபானப் பொதி என்று ஒன்று கப்பலில் விற்பார்களாம். நாளுக்கு இவ்வளவென்று கட்டிவிட்டால் எண்ணாமல் குடிக்கலாம். தீடையிலும் எண்ணத் தேவையில்லை. சுற்றிவர இருப்பதெல்லாம் தண்ணீர், ஒரு மிடறு குடிக்க முடியாது. ஆளுக்கு நாலு லீற்றராவது கையோடு கொண்டுபோங்கள்.

சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்வது புத்தி. பேசாலையில் காலையில் கரைவலை இழுக்கும் நேரம் போய் நின்றால் சூடை, கீரி, பாரை எல்லாம் உங்கள் காலடியிலேயே வந்து துள்ளும். முன்பு ஆட்கள் வரிசையாக நின்று அம்பா பாடி இழுத்த வலை. இப்போது பல இடத்தில் உழவு இயந்திரம் இழுக்கிறது. உல்லாசப் பயணி ஒருவர் ஆசைப்பட்டுக் கயிற்றைப் பிடித்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அவர் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் பெயர் கேட்பார்கள். பிறகு யாராவது வீட்டில் நண்டுக்கறி, பிட்டு, சொதி. மன்னாரில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காசு நீட்டினால் வீட்டுக்கார அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வா. பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். தேத்தண்ணியும் பனங்கட்டியும் கேட்காமலே வரும்.

கரையில் பார்ப்பதற்கு, கையேட்டுக்காரர் எல்லாரும் எழுதும் பள்ளிமுனைப் பெருக்க மரம் உண்டு. கட்டிப்பிடிக்கப் பத்துப்பேர் வேண்டும். பஸ் நிலையத்தில் கழுதைகள் உண்டு; அரபு வணிகர் மரத்தையும் கழுதையையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். மரம் நின்ற இடத்தில் நிற்கிறது, கழுதைகள் தெருவின் நடுவில் நிற்கின்றன. அவ்வளவுதான்.

ஆடம்பரம் தேடுவோர் தீடையை விட்டுவிட்டு அரிப்புக்குப் போகலாம். இந்தக் கரையின் முதலாவது தனியார் கடற்கரை விடுதி அங்கேதான் இருக்கிறது. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பு நடக்கும்போது தான் வந்து தங்கவென்று கிரேக்கத் தூண் வைத்துக் கட்டினார். அவர் மேல்மாடியில் காற்று வாங்க, கீழே ஆயிரக்கணக்கான சனம் மணலில் ஓலைக் கொட்டில் போட்டுக் கிடந்தது. கல்லைக் காலில் கட்டி இறங்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, மிச்சம் அரசாங்கத்துக்கு என்பது பிற்காலக் கணக்கு. 1906இல் முத்துப் பார்களை ஒரு லண்டன் கொம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடத்தோடு சிப்பி முடிந்தது. இப்போது நோர்த்தின் வீட்டில் செங்கல் சுவர்கள் மிச்சம். கடல் ஒவ்வொரு சோளகத்துக்கும் கொஞ்சம் மண்ணை எடுக்கிறது. கடலைப் பார்த்த அறைகளுக்கு இன்றைக்கும் கிராக்கிதான், முதலில் விழுபவை அவை.

இனி உரிமை. தனியார் கடற்கரை என்றால் வேலி வேண்டும். ஹெயிட்டியில் லபடீ என்ற கரையை ரோயல் கரீபியன் கொம்பனி 1986இலிருந்து குத்தகைக்கு வைத்திருந்து அடைத்துக் காவல் போட்டது. 2010 ஜனவரி 12 பூமியதிர்ச்சியில் அந்த நாடு இடிந்து கிடக்க, மூன்றாம் நாள் கப்பல் வழக்கம்போல வந்து நின்றது. நிவாரணப் பொருளும் இறக்கினார்கள், பயணிகளும் குளித்தார்கள். எங்கள் தீடைகளுக்கு வேலி கிடையாது. நடுவில் ஒரு கோடு மட்டும் உண்டு, 1974இல் இரண்டு நாடுகள் காகிதத்தில் போட்டது. மணலில் அது தெரியாது. ஒரு தீடையில் நின்றால் இலங்கை. சில தீடை தள்ளி நின்றால் இந்தியா. போன் சிலவேளை தலைமன்னாரிலேயே இந்தியாவுக்கு நல்வரவு சொல்லும். நம்பிவிடாதீர்கள். கடற்படை அப்படிச் சொல்லாது.

கடைசியாக, இந்த நிறுத்தத்தை முன்பு பயன்படுத்தியவர்கள் பற்றி. எந்தக் கையேட்டிலும் பழைய பயணிகளின் அனுபவம் ஒரு பகுதியாக வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் தோட்டத்துக்குப் போனவர்கள். இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டுப்பாதையால் மாத்தளைக்கு நடந்தார்கள். கரைச்சுற்றுலா, நடை உட்பட. வாந்திபேதியில் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு ஒழுங்காக வைக்கப்படவில்லை. 1914இல் ரெயிலோடு இணைந்த கப்பல் வந்தது. சென்னையில் ஒரே ரிக்கெற் எடுத்துக் கொழும்பில் இறங்கலாம். 1964க்குப் பிறகு, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அந்தத் தோட்டத்துச் சனத்தின் பேரப்பிள்ளைகளை அதே தலைமன்னார்த் துறையால் திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை ரிக்கெற் ஒருவழி. அந்தத் துறையின் இரும்புக் கால்கள் இன்னும் கடலுக்குள் நிற்கின்றன. கப்பல் திரும்ப ஓடும் என்ற பேச்சும் நிற்கிறது.

2022 மார்ச்சில் வந்தவர்கள் பால்மாவும் மண்ணெண்ணெயும் இல்லாத நாட்டிலிருந்து போனவர்கள். முதல் தொகுதி 6 பேர், ஒருவர் நாலு மாதக் கைக்குழந்தை. படகோட்டி இரவில் அரிச்சல்முனைக்கு இப்பால் நாலாம் தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிந்தபின் இந்தியக் கரையோரக் காவல்படை வந்து ஏற்றிப் போனது. தண்ணீரிலும் மணலிலும் ஓடும் ஹொவர்கிராப்ட். மச்சாள் அதில் இன்னும் ஏறவில்லை. பிறகு மண்டபம் முகாம்.

எங்கள் மாமி போனது 1990இல். பேசாலையில் இரவு ஏறியவர்கள் பதினெட்டுப் பேர், ஒரு வள்ளம். மாமி காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துத்தான் ஏறினா. இதுதான் இராமேஸ்வரம், அந்தா வெளிச்சம் தெரியுது, நடந்து போங்கோ என்று படகோட்டி இறக்கினான். நடந்தார்கள். சுற்றிச் சுற்றி இறங்கிய இடத்துக்கே வந்தார்கள். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே இருந்தார்கள். பிள்ளைகளின் வாயில் ஈரச்சீலை வைத்ததாக மாமி சொல்லுவா. மற்றதைச் சொல்ல மாட்டா. மறுநாள் இராமேஸ்வரத்து மீன்பிடிகாரர் கண்டு ஏற்றினார்கள்.

மச்சாள் அந்தப் பஹாமாஸ் படத்தை மாமிக்கும் காட்டினாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. வெள்ளை மணல், நீலத் தண்ணீர், தூரத்தில் கப்பல்.

"திரும்பி ஏத்துறவங்களே?" என்று கேட்டா.

"ஓம் மாமி, பின்னேரம் ஐஞ்சு மணிக்கு."

"காசு எப்ப குடுத்தனீங்கள்?"

"அது ஏறமுதலே, ஆறு மாசத்துக்கு முன்னம் கட்டினது."

மாமி போனைத் திருப்பிக் கொடுத்தா. "முழுக்காசையும் முன்னுக்குக் குடுக்கப்படாது, பிள்ளை. பாதியைக் குடு. மிச்சம் கரையில கொண்டுவந்து விட்ட பிறகு."