யாவரும் தரிசிக்கலாம்

டெல்லி மந்திர் மார்க் பிர்லா கோயிலை 1939-ல் திறந்துவைத்த காந்தி, எல்லாச் சாதியினரையும் உள்ளே விடவேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த உயர்ந்த கொள்கையை நம் அலுவலகங்கள் கணினிக்கும் விரித்திருக்கின்றன. டெஸ்க்டாப்பின் நட்டநடுவே 'பாஸ்வேர்டு' என்றே ஒரு கோப்பு, யாவரும் தரிசிக்கலாம்.

கோப்பை என்கிரிப்ட் செய்யுங்கள் என்றார்கள் நிபுணர்கள். செய்தாயிற்று. அதைத் திறக்கும் சொல் மானிட்டரில் மஞ்சள் சீட்டாக ஒட்டியிருக்கிறது. டீ கொண்டுவரும் தம்பிக்கு மனப்பாடம்.

இந்தச் சிரமமும் வேண்டாதவர்களுக்கு வழி உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை முகம் தெரியாத புண்ணியவான்கள் தாங்களே வந்து என்கிரிப்ட் செய்து கொடுத்தார்கள். அப்படியொரு பூட்டு! மருத்துவமனைக்கே திறக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள்.