குத்தலாமாசாமி

இந்திராநகர் நூறடிச் சாலையில் சனிக்கிழமை சாயந்திரம் டாட்டூக் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர், உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்குத் துணைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் குத்தலாமாசாமிகள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். துணைக்கு வந்தவர் கைப்பேசியைப் பார்ப்பார். குத்தலாமாசாமி தன் முன்னங்கையைப் பார்ப்பார்.

நான் சொல்லப்போகிற குத்தலாமாசாமிக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். வீடு அல்சூரில், வேலை ஒயிட்ஃபீல்டில், ஆயுள் இரண்டுக்கும் நடுவில். சட்டையின் இடது கை மட்டும் எப்போதும் முழங்கை வரை மடித்திருக்கும். வலது கையில் பொத்தான் போட்டிருக்கும். மடித்த கையின் உட்புறத்தில் காலையில் பேனாவால் ஒரு திசைகாட்டி வரைந்துகொண்டுதான் ஆபீஸ் கிளம்புவார், 'பார்வைக்கு எப்படி இருக்கிறது' என்று தெரிந்துகொள்ள. மதியம் கை கழுவும்போது வடக்கு போய்விடும். சாயந்திரம் மெட்ரோ நெரிசலில் மேற்கும் அழிந்து, வீட்டுக்குள் நுழையும்போது கிழக்கும் தெற்கும் மட்டும் மிச்சமிருக்கும். அவர் உடம்பில் சில வாரம் தாக்குப்பிடித்த ஒரே மை, ஓட்டுப் போடும்போது விரலில் வைத்தது. 1962 பொதுத் தேர்தல் தொட்டு மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் கம்பெனி காய்ச்சிக் கொடுக்கிற அந்த மையை வைக்குமுன், யாரும் அவரிடம் "யோசித்துச் சொல்லுங்கள்" என்று அவகாசம் தரவில்லை. அதனால்தான் அது நடந்தது.

கொரோனாவுக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். "டாட்டூ போடலாம்னு இருக்கேன். நீங்க என்ன நினைக்கறீங்க?" தர்ஷினியில் நின்றுகொண்டே சாப்பிடுபவரிடம், வடை சாம்பாரில் ஊறுகிற நேரத்துக்குள் அபிப்பிராயம் வாங்கிவிடுவார். அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டார். அவர் கவனம் லாரியில் இருந்தது. "மெஜாரிட்டி எப்படியோ அப்படியே செஞ்சிடலாம் சார்" என்றார். அதையும் 'போடலாம்' கணக்கில் குறித்துக்கொண்டார். மனைவி மட்டும் இந்த விஷயத்தில் வாய் திறப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

எதைக் குத்துவது என்பது தனிப் புராணம். முதலில் கோலி வழி. விராட் கோலி தன் டெஸ்ட் தொப்பி எண் 269-ஐயும் ஒருநாள் போட்டி எண் 175-ஐயும் உடம்பில் பொறித்துக்கொண்டவர். ஆர்.சி.பி. ஊரில் குடியிருந்துகொண்டு நாமும் ஓர் எண்ணைப் போட்டால் என்ன என்று இவருக்குத் தோன்றியது. இவருக்கென்று இருந்த எண், கம்பெனி அடையாள அட்டையில் உள்ள ஆறு இலக்கம்தான். பரவாயில்லை, அதுவும் உழைத்துச் சம்பாதித்ததுதானே என்று தீர்மானித்து, எழுத்துரு வரைக்கும் முடிவான பிறகு, வேறொரு கம்பெனியிலிருந்து அதிகச் சம்பளத்துக்கு ஆஃபர் வந்துவிட்டது. அங்கே ஏழு இலக்கம். கோலிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் ஐ.பி.எல்.லில் 2008 முதல் ஒரே அணியில் ஆடுகிறவர்.

பிறகு திருக்குறள். ஏழு சீர்தான், சதுர அங்குலக் கணக்கில் காசு வாங்குகிற கடையில் கட்டுப்படியாகும். ஆனால் மெஷின் பிடிக்கிற தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒற்று விட்டுப்போனால் யார் பொறுப்பு? கடைக்கு ஒரு தமிழாசிரியரைக் கூடவே அழைத்துப்போய்ப் பிழைதிருத்தம் பார்க்க வைக்கலாமா என்றுகூட விசாரித்தார். அதற்குள் இன்னொருவர் வேறு கவலையைக் கிளப்பினார்: "பெங்களூர்ல கையில தமிழோட திரியறதுன்னா யோசிச்சுக்கோ. அல்சூர் ஏரிக்கரையில வள்ளுவரே 18 வருஷம் மூடி வெச்சிருந்துதான் வெளிய வந்தாரு." 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அந்தச் சிலையைத் திறந்தபோது நம்மவர் கல்லூரி மாணவராகக் கூட்டத்தில் நின்று கைதட்டியவர். 18 வருஷம் என்ற கணக்கு அவருக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று. தனக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

சாமி உருவம் குத்தலாம் என்றால், எங்கே குத்துவது? 2015 அக்டோபரில், காலில் எல்லம்மா உருவத்தோடு பெங்களூர் ஓட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்த ஆஸ்திரேலிய இளைஞரை ஒரு கும்பல் வளைத்துக்கொண்டது. போலீஸ் வந்து மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தது. எழுதியது மிரட்டியவர்கள் அல்ல, மிரட்டப்பட்டவர். நம்மவர் அந்த அநியாயத்தைப் பற்றிப் பேசவேயில்லை. 'இடுப்புக்குக் கீழே சாமி கூடாது' என்ற விதியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். சரி, கையில் பிள்ளையார் என்று முடிவானபோது மாமியார், "பிரியாணி சாப்பிடற கையிலயா மாப்ள?" என்றார். பிள்ளையார்தான் விட்டுக்கொடுத்தார்.

மச்சினன் மத்தியப் படை வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு விதியைச் சொல்லித்தொலைத்தான்: முன்னங்கையின் உட்புறம் என்றால் இடது கையில் மட்டும்தான் டாட்டூவுக்கு அனுமதி, ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கிற கை, அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். நம்மவருக்குப் படையில் சேரும் உத்தேசம் கிடையாது. மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இருந்தாலும் அன்றைக்கே வலது கையைத் தள்ளுபடி செய்துவிட்டார். "நாளைக்கே எவனுக்காவது சல்யூட் அடிக்க வேண்டி வந்தா?" ஐ.டி. கம்பெனியில் இருப்பவர் கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், டாட்டூ மைகளைச் சோதித்ததில் ஆர்செனிக், குரோமியம், பிளாட்டினம் என்று 22 உலோகங்கள் தென்பட்டதாகவும், இதை முறைப்படுத்தச் சொல்லி மத்திய அரசுக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். குத்தலாமாசாமிக்கு அந்த வாரம் தீபாவளி. செய்தியை அறுபது பேருக்கு அனுப்பினார். நேரே கடைக்குப் போய், "உங்க மையில எத்தனை உலோகம்?" என்று கேட்டார். தம்பி புட்டியைக் காட்டினான். அவன் நல்லவன், ஒவ்வொருவருக்கும் புது ஊசியைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். இவர் விடவில்லை. "பிளாட்டினம் வேற இருக்காமே. அப்ப இந்த ரேட்டு அநியாயம்னு சொல்ல முடியாது."

இவரை நான் கிண்டல் செய்வதால் இவர் விஷயம் தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். தோலுக்குள் மை எப்படித் தங்குகிறது என்று எனக்கு விளக்கியதே இவர்தான். ஊசி மையை மேல்தோலுக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டதென்று உடம்பின் காவல் அணுக்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கின்றன. அந்த அணு செத்தால் மையைப் பக்கத்து அணு வாங்கிக்கொள்கிறது. 2018-இல் பிரான்சில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஓய்வுபெறுகிற குமாஸ்தா முடிக்காத ஃபைலை அடுத்தவர் மேஜையில் தள்ளிவிட்டுப் போவதுபோலத்தான் டாட்டூ ஆயுள் முழுக்க நிலைக்கிறது. இவ்வளவும் தெரிந்த மனிதர் எப்படி ஊசிக்குக் கையை நீட்டுவார்?

இவருக்கு டாட்டூ வேண்டியதில்லை. டாட்டூ போட்டுக்கொள்ளப்போகிற ஆள் என்ற பெயர்தான் வேண்டும். அந்தப் பெயருக்கு ஊசியும் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: டிராஃபிக்கையும் வீட்டு அட்வான்ஸையும் தவிர வேறு பேச்சே இல்லாத ஊரில், இவர் கேட்ட கேள்விக்குப் பல பேர் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஓர் ஆட்டோக்காரர் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தோளில் அப்புவைக் காட்டினார். அப்பு என்கிற நடிகர் புனீத் ராஜ்குமார் போய்ச்சேர்ந்த 2021 அக்டோபருக்குப் பிறகு போட்டது. "யோசிச்சுப் போடறதா சார் இது? அழுதுகிட்டே போயிப் போட்டேன்" என்றார், பெங்களூர்த் தமிழில்.

வீட்டிலேயே இருக்கிற இரண்டு நிபுணர்களை இவர் கடைசியில்தான் கேட்டார்.

அப்பா எம்.ஜி.ஆர். பக்தர். கட்சிக்காரர்கள் கட்சி அடையாளத்தைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று தலைவர் சொன்ன காலத்தில், கோலார் தங்கவயலிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காமல் போய் இரட்டை இலையைக் குத்திக்கொண்டு வந்தவர். தலைவர் மறைந்தார். கட்சி உடைந்தது. 1989 தேர்தலில் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கிவைக்க, ஒரு பக்கம் சேவல், இன்னொரு பக்கம் இரட்டைப் புறா. அப்பாவின் கையில் இருந்ததை முடக்க ஆணையத்தால் முடியவில்லை. அவர்தான் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். பிறகு சின்னம் மீண்டு வந்தது, அரைக்கைச் சட்டையும் வந்தது. 2017-இல் மறுபடியும் சில மாதம் முடக்கம், மறுபடியும் முழுக்கை. மகன் கேட்டபோது அப்பா செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "எத வேணா குத்திக்கோ. எலெக்‌ஷன் கமிஷன் கையில இருக்கறத மட்டும் குத்தாத."

ஆயாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல். சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் அறுபது வருஷம் இருந்துவிட்டு, 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு மகனோடு அல்சூர் வந்தவர். அவருடைய இரண்டு முன்னங்கைகளிலும் பச்சை: புள்ளி வைத்த கோலம், ஒரு தேள், மணிக்கட்டுக்கு மேலே தாத்தாவின் பெயர். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்துகிற குறத்திகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பரம்பரையில் ஒருத்தி குத்தியது. கரியும் கீரைச்சாறும் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே. கூலி ஒரு படி கேழ்வரகு.

"ஆயா, நீ போட்டுக்கும்போது யோசிச்சியா?"

"என்னை யார்ரா கேட்டாங்க? எங்கம்மா கையப் புடிச்சிக்கினா, அவ குத்தினா. நான் கத்தினேன். முடிஞ்சிது."

"பேரு?"

"அது கல்யாணம் ஆயி. புருசன் பேர வாயால சொல்லக்கூடாதே. ரேசன் கார்டு எழுத வந்தவன் கேட்டான், கைய நீட்டினேன். எழுதிக்கினு போனான். உனுக்கு இன்னா, வாயில்லியா?"

நம்மவர் தேளை ஆராய்ந்தார். தோல் தளர்ந்து, கோடு கலைந்து, கொடுக்கு ஒரு பக்கம் அகன்று, வால் சுருக்கத்துக்குள் போய்விட்டிருந்தது. "இது நண்டு மாதிரி இருக்கே?"

"அப்போ தேளு. நடுவுல கொஞ்ச நாளு பல்லி. இப்போ நண்டு. இருக்கறதுக்குள்ள இன்னும் இன்னாவாவோ ஆவும் போல" என்று ஆயா சிரித்தார்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதர் என்ன செய்வார்? ஒன்று, போட்டுக்கொள்வார், இல்லை, விட்டுவிடுவார். குத்தலாமாசாமி, முதுமையில் எந்த உருவம் வேறு எந்த உருவமாக மாறும் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் அவர் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போய்விட்டு மணிக்கட்டில் ஒரு சின்னப் பூனையோடு திரும்பி வந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் பூனை சிவந்திருந்தது. "யாரையும் கேக்கலையா?" என்று திகைத்தார். "பூனையையா?" என்று கேட்டுவிட்டு அவள் மீட்டிங்குக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க இவருக்கு வேலை ஓடவில்லை. வெயில் படக்கூடாது, நீச்சல் கூடாது, பக்கைப் பிய்க்கக்கூடாது என்று அவளுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினார்.

போன மாதம் தோல் மருத்துவரிடம் போயிருக்கிறார். லேசர் போட்டு டாட்டூவை எடுப்பது பற்றி. டாக்டர் பொறுமையாகச் சொன்னாராம்: ஒளி மையைப் பொடியாக்கும், பொடியை உடம்பு மெல்ல மெல்ல வெளியேற்றும், வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை வர வேண்டும், கறுப்பு சீக்கிரம் போகும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும், குத்துகிற செலவைவிட எடுக்கிற செலவு அதிகம். எல்லாம் சொல்லி முடித்துக் கையுறையை மாட்டிக்கொண்டு, "எங்க இருக்கு, காட்டுங்க" என்றாராம்.

"இன்னும் போடல டாக்டர். எடுக்க முடியுமான்னு தெரிஞ்சிக்கிட்டுப் போடலாம்னு."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். இவர் எழுந்திருக்கவில்லை. "நீங்களா இருந்தா போட்டுப்பீங்களா டாக்டர்?"

அடுத்த நோயாளியின் பெயரை வெளியே கூப்பிட்டார்கள். எழுநூறு ரூபாய் கட்டிவிட்டு வாசலுக்கு வந்ததும் எனக்குத்தான் போன் செய்தார். "டாக்டர் வேணாம்னு சொல்லல மச்சி. ஆனா போடுன்னும் சொல்லல. ஜெயநகர்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம், வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். போகட்டுமா? நீ என்ன நினைக்கற?"