உழைக்காமல் மூத்த டயருக்கு ஒரு வாழ்த்து

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நிற்கும் பெரிய கார்களின் டயர்களை யாராவது ஒருநாள் மனம் திறந்து பாராட்டத்தான் வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய், பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் கார் ஷெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். உறை போர்த்திய எஸ்.யூ.வி. ஒன்று நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஊருக்கு வரும்போதுதான் வண்டிக்கு வேலை. வாங்கி எட்டு வருஷம் ஆகியிருக்கும். டயரைத் தடவிப் பார்த்தால் பட்டன் கொஞ்சமும் தேய்ந்திருக்காது. டயருக்குள் வார்த்திருக்கும் தேய்மானக் குறியின் உயரம் 1.6 மில்லிமீட்டர், அதைப்போல் நாலு மடங்கு ஆழம் இன்னும் பாக்கி இருக்கும். உழைக்காமலே தோற்றத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அந்தத் தவத்துக்கு முதல் வணக்கம்.

அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையில் நெய் பூசி மினுங்கிய வேல்களைப் பாராட்டிவிட்டு வந்தார். அந்தப் பாராட்டின் பொருள் நம் வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. “டயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கு” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, அதே டயரில் திருச்சி விமான நிலையத்துக்கு மணிக்கு நூற்றுப் பத்தில் போய்வருகிறோம்.

அதன் கமுக்கமோ இன்னும் பெரிது. ரேடியல் டயரின் பட்டனுக்குக் கீழே, பித்தளை பூசிய எஃகுக் கம்பிகள் பதித்த இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கின்றன. இடையே இருக்கும் மெல்லிய ரப்பர்தான் இரண்டையும் பிடித்திருக்கிறது. வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி, உள்ளே அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த ரப்பருக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். வருஷம் ஆக ஆக ரப்பர் நெகிழ்வை இழக்கும். பட்டைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளுக்குள் பரவும். இத்தனையும் நடக்கும்போது வெளியே பட்டன் மூச்சு விடாது. வீட்டு விஷயத்தை வாசல் தாண்ட விடாத அந்த அடக்கம் மனிதர்களில் எத்தனை பேருக்கு வரும்! நெடுஞ்சாலையில் ஒருநாள் மேல்பட்டை மொத்தமாக உரிந்துகொண்டு வரும்போதுதான் சங்கதி வெளிப்படும். மறுநாள் பேப்பரில் “டயர் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்த கார்” என்று நாலு வரி வரும். வெடித்ததா, உரிந்ததா, அந்த டயருக்கு வயது என்ன என்ற கேள்விகளுக்கு அந்த நாலு வரியில் இடம் இருக்காது.

உபசாரத்திலும் டயர் குறை வைக்காது. ஏழு சீட்டில் பத்துப் பேர் ஏறுவார்கள். மேலே கேரியரில் எவர்சில்வர் அண்டாவும் அடுக்குச் சட்டியும் சீர்ச் சாமான் மூட்டைகளும் ஏறும். முடியாது என்று அது சொன்னதே இல்லை. டிரைவர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, முழு பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று பல வண்டிகளில் அதிலேயே போட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூடப் படிக்காமல் கல்யாணத்துக்குக் கல்யாணம் இவ்வளவு பாரம் ஏற்றும் துணிச்சலும் பாராட்டுக்குரியதே.

சித்திரை பிறந்ததும் டயர் மீது நமக்கு வரும் கரிசனத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. “வெயில் காலம் தம்பி, டயர் வெடிச்சிரும், நாலு பாயிண்ட் கம்மியா வையி.” பெட்ரோல் பங்கில் இதைக் கேட்காத கோடை கிடையாது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடங்கல்தான் உள்ளே சூடாகிறது. வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது, கீழே தார் அதைவிடக் கொதிக்கிறது. டயரைச் சூட்டிலிருந்து காப்பாற்ற நாம் செய்யும் காரியம், சூடு அதிகம் பிறக்க வழி செய்கிறது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அளவு இருக்க வேண்டும். கோடைக்கும் மழைக்கும் அதே அளவுதான்.

குறைந்த காற்றுக்குப் பெரிய இடத்து முன்னோர் உண்டு. ஃபோர்டு கம்பெனி தன் எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு 26 பாயிண்ட் காற்று போதும் என்று எழுதிவைத்தது. அதில் மாட்டியிருந்தவை ஃபயர்ஸ்டோன் டயர்கள். வளைகுடா நாடுகளின் வெயிலில் அவற்றின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் கவிழத் தொடங்கியதும், 1999-ல் ஃபோர்டு அங்கே தானாக முன்வந்து வேறு டயர் மாற்றிக் கொடுத்தது. அமெரிக்க அரசுக்கு அதைத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் கேட்கவில்லை. வலது கை கொடுத்தது இடது கைக்குத் தெரியாத தர்மம். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் அதே வண்டியில், அதே டயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன தாய் தகப்பனுக்கும் தெரியவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி ஒன்று விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் இறுதிக் கணக்கில் இறந்தவர்கள் 271 பேர். ஃபோர்டு டயரைக் கை காட்டியது, ஃபயர்ஸ்டோன் வண்டியைக் கை காட்டியது. ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் தொடங்கிவைத்த, ஏறக்குறைய நூறு வருஷ உறவு 2001 மே மாதம் முறிந்தது. வெளிநாட்டில் டயரைத் திரும்பப் பெற்றாலும் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம், பல சாவுகளுக்குப் பிறகு 2000 நவம்பரில் வந்தது.

அந்த விபத்துகள் வெயில் மாநிலங்களில்தான் அதிகம் நடந்தன. நம் சிவகங்கைச் சீமையின் வெயிலுக்கு அவை இளைத்தவையும் அல்ல, மிஞ்சியவையும் அல்ல. பின் சக்கரத்தின் மேல்பட்டை உரிந்தால் வண்டியின் பின்பக்கம் பிடிமானம் இழந்து பக்கவாட்டில் இழுக்கும். தாழ்ந்த கார் அப்போது சுழலும். உயரமான கார் சாலையோர மண்ணில் இறங்கினால் உருளும். இரண்டு புது டயர் மட்டும் வாங்கும்போது அவற்றை முன்னால் மாட்டச் சொல்கிறோமே, அதுவும் தவறு. நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மலாயாவில் ரப்பர் தோட்டம் வைத்துப் பால் இறக்கிய ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பணத்திலும் எழும்பிய வீடுகள் இங்கே உண்டு. ரப்பர் வெயிலில் என்ன ஆகும், வருஷம் போனால் என்ன ஆகும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குப் பட்டன் ஒன்றே கண்ணில் படுகிறது.

காரைக்குடியில் ஒரு வல்கனைசிங் கடையில், பஞ்சர் பார்க்க வந்த வண்டிக்கு அடியில் கடைக்காரத் தம்பி செல்போன் வெளிச்சத்தோடு படுத்துத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். டயர் பிறந்த தேதி பல சமயம் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கம் போய்விட்டால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 2214. “இருபத்திரண்டாவது வாரம், 2014-ஆம் வருஷம்ணே” என்றார். பட்டன் பள்ளத்தை ஸ்குரூடிரைவர் நுனியால் லேசாக விரித்தார். அடியில் வரிவரியாக வெடிப்பு ஓடியிருந்தது. “பட்டனப் பாத்து ஏமாந்துறாதீங்கண்ணே. உள்ள செத்துப்போச்சு.”

“இன்னும் ஒரு வருஷம் ஓடாதா தம்பி?”

“ஓடும்ணே. எங்க வச்சு உரியும்னுதான் என்னால சொல்ல முடியாது.”

உரிவதற்கு முன் டயர் அனேகமாகக் குரல் கொடுக்கும். ஸ்டீயரிங்கில் ஓர் அதிர்வு, அடியில் தப்தப்பென்று ஒரு சத்தம், ஓட்டத்தில் ஒரு குலுக்கல். ரோடு சரியில்லை என்று நாம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம். அந்தச் சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஓட்டத்திலேயே உரிந்துவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரத்துக்கு வாருங்கள்.

டயரைப் புகழ்ந்தது போதும். அடுத்த படைப்புக்கு வருகிறவர்கள் வண்டியை வெளியே எடுக்கும் முன் அந்த நாலு இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியிலும் பாருங்கள், அதற்கும் அதே வயதுதான். ஆறு வயது தாண்டியிருந்தால் கழற்றி உள்ளும் புறமும் சோதியுங்கள். மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. பத்து வயது ஆகியிருந்தால் பட்டன் முழுசாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். நாலு டயரின் விலை கல்யாணப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு துளி. பந்தலுக்கு வர வேண்டியவர்கள் அந்த வண்டிக்குள்தான் இருக்கிறார்கள்.