மூன்றாம் நீலக்குறி: ஒரு பாடபேத ஆராய்ச்சி

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் என்ன விலை என்பதை ஞாயிறுதோறும் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பார். போன வாரம் விலைக்குக் கீழே ஒரு சாசனமும் இருந்தது. நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவாகும். மூன்று நீலக்குறி விழுந்தால் அரசாங்கம் பார்த்துவிட்டது. மூன்றும் சிவந்தால் கோர்ட்டு சம்மன்.

முதலில் காலநிர்ணயம். தேதி இல்லை, ‘நாளை முதல்’ என்பதே ஒரே அகச்சான்று. பெட்டிக்கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ பலகையும் இந்த மரபினதே. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவே பொய் என்று சொல்லிவிட்டது; அந்த நாளையும் இன்னும் விடியவில்லை.

மூன்றாம் குறி இடைச்செருகல். சாம்பல் ஒன்று என்றால் போய்விட்டது, இரண்டு என்றால் சேர்ந்துவிட்டது, நீலமானால் படித்தாயிற்று. 2014 நவம்பரில் நீலம் வந்ததோடு வண்ணங்கள் தீர்ந்தன. தவிர, 2016 ஏப்ரல் முதல் செய்திகளும் அழைப்புகளும் பூட்டப்பட்டே போகின்றன. சாவி இரு முனைக் கைபேசிகளில்தான். கம்பெனிக்கே தெரியாத வஞ்சிர விலை டெல்லிக்கு எப்படித் தெரியும்?

பேஸ்புக் கிளைப் பாடம் இன்னும் சுவையானது. ‘என் படங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை’ என்று சுவரில் ஒட்டும் பிரகடனம் அது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தம், 2012இல் பரவிய பிரதியில் ‘பெர்னர்’ ஆகிவிட்டது. ஏடெழுதுவோர் பிழை, பெரிதுபடுத்த வேண்டாம். 1734இல் நெசவாளர்களுக்காக அமைந்த சின்னத் தறிப்பேட்டையே வாய்க்கு வாய் மாறித்தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். வேறொரு பாடம் ரோம் சாசனத்தையும் துணைக்கு அழைக்கிறது. அது இனப்படுகொலை, போர்க்குற்றங்களை விசாரிப்பதற்கானது; இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லை. பேரனின் காதுகுத்துப் படத்துக்கு அதைக் காவல் வைப்பது கொஞ்சம் அதிகம். கணக்குத் தொடங்கும்போது எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ அழுத்திய கை நம்முடையது. வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாடகை தரமாட்டேன் என்று நம் வீட்டுக் கதவிலேயே எழுதி ஒட்டினால் வீட்டுக்காரர் விடுவாரா?

ஈற்றில் நூற்பயன்: பத்துப் பேருக்கு அனுப்புக. ஆயிரம் பிரதி அச்சடித்து விநியோகித்தால் லாட்டரி விழும், கிழித்தவருக்கு நஷ்டம் வரும் என்ற பழைய சாமி நோட்டீஸின் நேர்வாரிசு இது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்பது பேருக்கு ஒவ்வொன்றாக அனுப்பினார்.

ஆய்வு முடிவுகளைக் குழுவில் வெளியிட்டேன். உடனே வாட்ஸ்அப்பிலேயே கூப்பிட்டார்.

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்டா போட்டேன். நாளையிலேர்ந்துதானே ரெக்கார்டு பண்றான்? அந்த ஊர் நிலத்து விஷயத்த இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்” என்றவர், முக்கால் மணி நேரம் பேசினார்.