ரன்னிங் போர்டுக்காரர்

விண்டேஜ் கார் வைத்திருப்பவர்களில் ரன்னிங் போர்டுக்காரர் தனி இனம். மற்றவர்கள் காரை முன்னால் நின்று பார்ப்பார்கள். இவர் குனிந்துதான் பார்ப்பார்.

ரன்னிங் போர்டு என்பது முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே, கதவுக்குக் கீழே நீளும் படி. அந்தக் காலத்துச் சேஸிஸ் உயரம். படி இல்லாமல் ஏறுவது பாடு. 1928–31 ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் அது இரும்புத் தகடு. மேலே ரப்பர் மேட், அடியில் தாங்கும் பிராக்கெட். 1930களின் கடைசியில் பாடி அகன்று தாழ, படி மெல்ல மறைந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மட்டும் 2003இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வரும்வரை அதைக் கைவிடவில்லை என்று இவர் தழுதழுப்பார்.

படிக்கு எமன் அந்த ரப்பர்தான். இடுக்கில் புகுந்த மழைத்தண்ணீர் வெளியே வராது. மேட் பளபளக்கும்; அடியில் தகடு அப்பளமாக நொறுங்கும். முந்தைய டிங்கர் ஓட்டையைப் பட்டியால் மூடியிருப்பார். அதைப் பிடிக்க இவரிடம் சின்னச் சுத்தியலும் காந்தமும் உண்டு. நல்ல தகடு ‘ணங்’ என்னும், பட்டி ‘டொப்’ என்னும். பட்டியில் காந்தம் நிற்காது. கல்யாண வீட்டு வாசலில் பழைய கார் நின்றால், மொய் எழுதப் போகுமுன் அதன் படியில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். நழுவி விழுந்தால் அன்றைய சாப்பாடு தனி ருசி.

புதுப்பேட்டை டிங்கர்களுக்கு இவரைக் கண்டால் கிலி.

“பட்டி போட்டு அடிச்சிரலாம் சார், யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே பாய்!”

படியைக் கழற்றும்போது, எண்ணெய் விட்டு ஊறவைத்த போல்ட்டுகள் எப்படியும் முறியும். பிறகு சாண்ட் பிளாஸ்டிங். காற்றழுத்தம் கூடினால் தகடு நெளியும் என்பதால் இவர் அங்கேயே நிற்பார், வீடு திரும்பும்போது பாதி மணல் தலையில் இருக்கும். அரித்ததை வெட்டி, அதே கனத் தகட்டைப் பொட்டுப் பொட்டாக வெல்டு வைப்பார்கள். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் கோணிவிடும். எபாக்ஸி பிரைமர் அடிக்கையில், யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கு ஒரு கோட் கூடுதல். மேட் ஒட்டும் நாளில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. இரு பக்கமும் பசை தடவி, உலரவிட்டு, வைத்தால் வைத்ததுதான். இழுத்துச் சரிசெய்ய வழியில்லை.

2021இல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துப் பதிவெண் கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாதென்று நிபந்தனை. படிக்கென்று தனியாக ஒரு வரி போடவில்லையே என்பதில் இவருக்குத் தீராத மனத்தாங்கல்.

படி மாட்டியானதும் அதில் யாரும் கால் வைக்கக்கூடாது. வந்த பெரியப்பா செருப்போடு ஏறப் போனால், “பாத்து, பெரியப்பா, இப்படி எட்டி உள்ளே கால் வைங்க” என்று கைகொடுத்துத் தூக்கிவிடுவார். பெரியப்பா உட்கார்ந்து, “எங்கேடா, ஒரு ரவுண்டு போகலாமா?” என்பார். வலப்பக்கப் படிதான் முடிந்திருக்கிறது, இடப்பக்கம் பாக்கி என்று பதில் வரும். என்ஜினோ, ஷெட் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது.